தேங்காய்த்திட்டில் ஒரு கிழங்கான்

தேங்காய்த்திட்டு ஆற்றோரம், ஞாயிறு காலை. ரெட்டியார்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துவிடலாம். நிழல் உண்டு, கரையோரம் ஆழமில்லை, பிள்ளைகளைத் தைரியமாக விடலாம். கடல்நீர் ஆற்றில் நன்றாக ஏறி மீன் வரும் நாளாகப் பார்த்து வந்திருக்கிறோம்.

எட்டு வயது மகள் யாழினி அலறிக்கொண்டே தூண்டிலைத் தூக்குகிறாள். முள்ளில் ஒரு சாண் கிழங்கான் துள்ளுகிறது. அவள் பிடித்த முதல் மீன். மத்தியானமே வறுத்துத் தின்ன வேண்டுமாம். வீட்டுக்குப் போன் செய்கிறேன்.

"மசாலா அரைச்சு வையேன்."

"இன்னைக்கு அமாவாசைங்க. மீனோட வந்தீங்கன்னா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்," என்கிறாள் மனைவி.

அமாவாசை என்பதால்தான் நீர் ஏறுகிறது. நாள் பார்த்த எனக்குச் சமையலறை நினைவில்லை.

யாழினிக்கு அழுகை முட்டுகிறது. ஞாயிறுதோறும் பக்கத்தில் குடும்பத்தோடு தூண்டில் போடும் முதலியார்பேட்டை நசீமா சிரிக்கிறார்.

"எங்க வீட்ல அமாவாசையெல்லாம் கெடையாதும்மா. குடு, வறுத்துடறேன்."

யாழினி மீன் பையை இறுக்கிப் பிடிக்கிறாள். "மீனு தனியா வராது ஆன்ட்டி. நானும் வருவேன்."

"பின்ன? சோறும் போடறேன், வா."

"அப்ப நான்?" என்கிறேன்.

"நீங்க வீட்டுக்குப் போய் சாம்பார் சாப்பிடுங்கப்பா," என்கிறாள், நசீமாவின் கையைப் பிடித்தபடி.