யானைக் கல்லுக்குக் கீழே ஒரு கணப்பு

செங்கல்பட்டில் வெயிலுக்குப் பஞ்சம் என்று இதுவரை யாரும் மனு கொடுத்ததில்லை. அந்த ஊரில், குளிர் காய்வதற்கென்று கூடத்துச் சுவரில் ஒரு கணப்பும் அதன்மேல் புகைபோக்கியும் வைத்து ரயில்வே வெள்ளைக்காரர் ஒருவர் வீடு கட்டியிருந்தார். பாவம், சொந்த ஊர் நினைப்பில் கட்டியிருப்பார். பிற்காலத்தில் அதை வாங்கிய என் அப்பாவுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

வீடு வாங்கிய நாளிலிருந்து கணப்புக்குள் அம்மா வெங்காயம் கொட்டி வைத்திருந்தார். அப்பா அலுவலகப் பயிற்சிக்காக மூன்று நாள் ஊட்டிக்குப் போனார். திரும்பும்போது ஒரு ஸ்வெட்டரும் ஒரு லட்சியமும் கொண்டுவந்தார். வெங்காயம் இடம்பெயர்ந்தது.

அம்மாவின் லட்சியம் பிரிட்ஜ். சமையலறையில் அதற்கு இடமில்லை. வீட்டில் தோதான ஒரே பொந்து கணப்புதான். பக்கத்திலேயே பிளக் பாயிண்டும் இருந்தது. ஒரு வாரப் பேச்சுவார்த்தைக்குப் பின் ஒப்பந்தம் ஏற்பட்டது. மார்கழி முதல் ஞாயிறு அப்பாவின் அதிகாரி காபிக்கு வருகிறார். அவர் முன்னால் கணப்பு ஒழுங்காக எரிந்தால் கணப்பு, எரியாவிட்டால் பிரிட்ஜ்.

கல்பாக்கத்தில், அணுவைப் பிளக்கிற இடத்தில், நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிற உத்தியோகம் அப்பாவுக்கு. ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுவது விஞ்ஞானத்துக்கே இழுக்கு என்று கருதினார். முதல் நாள் கரி சுரண்டிவிட்டு வாசலுக்கு வந்தவரைப் பார்த்துத் தெரு நாய் குரைத்தது. எங்கள் சோற்றில் வளர்ந்த நாய் அது.

கணப்பின் மேல்கல் விரிசல் விட்டிருந்தது. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த கல்லை அப்பா வாங்கினார். எதிர்வீட்டு லாரி டிரைவர்தான் அதை ஏற்றி வந்தார்.

"இன்னா சார், யானைக்குப் பின்பக்கந்தான் கீது. மூஞ்சி எங்க?"

"உளி பிசகி உடைஞ்சிடுச்சாம்பா. அந்தப் பக்கத்தைச் சுவத்துக்குள்ள விட்டுட்டா, யானை வீட்டுக்குள்ள நுழையற மாதிரி இருக்கும்."

"வேர்த்து ஊத்திகினு கீது, இதுல குளிர் காயப் போறாராம். யக்கா, நீ ஒண்ணும் சொல்றதில்லியா?"

"நான் என்னத்த சொல்ல? டேப்போட அந்த முனையைப் பிடின்னாரு, பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன்" என்றார் அம்மா.

உண்மையில் ஒன்று சொன்னார். "இவ்ளோ தாழ்வா வச்சா குனிஞ்சு குனிஞ்சு உங்க முதுகுதான் போகும். இன்னும் ரெண்டு வரி செங்கல் ஏத்துங்க." மனைவிக்கும் கலையுணர்வு வந்துவிட்டதாக அப்பா பூரித்துப்போய் ஏற்றினார்.

புகைபோக்கியின் அடியில், உள்ளே, ஓர் இரும்பு மூடி இருந்தது. கைப்பிடியைத் தள்ளினால் புகைக்கு வழி திறக்கும், இழுத்தால் அடைபடும். ஒன்பது வயதில் என் கை ஒல்லியாக இருந்ததால் அதற்கு எண்ணெய் விட்டுத் திறந்து வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வகுப்பில் எனக்குக் கிடைக்காத தலைவி பதவி அது.

ஞாயிறு மாலை அப்பா குளிக்கப் போனார். அம்மா காபி டிகாக்ஷன் இறக்கியபடியே, "புறா உள்ள வந்துடப் போகுதுடி. அந்த மூடியைச் சாத்திட்டு வா" என்றார். சாத்திவிட்டு வந்தேன். சொன்னதைச் செய்கிற பெண் என்று அந்த வயதில் எனக்கு ஒரு நற்பெயர் இருந்தது.

அதிகாரி வந்தார். ஸ்வெட்டரில் வியர்த்தபடி அப்பா சவுக்குக் கட்டைகளை அடுக்கிக் கொளுத்தினார். தீ அழகாகப் பிடித்தது. "பாருங்க சார், அப்படியே ஊட்டி!" என்றார். ஊட்டி அரை நிமிடம் இருந்தது. பிறகு புகை மேலே போய்ப் பார்த்து, யோசித்து, அதிகாரியை நோக்கித் திரும்பியது. அவர் காபி டம்ளரோடு தெருவில் போய் நின்றார். அவரைத் தாண்டி லாரி டிரைவர் வாளியோடு உள்ளே பாய்ந்தார். "சார், வூடு பத்திகிச்சா?" பாதித் தண்ணீர் கணப்புக்கு, மீதி ஸ்வெட்டருக்கு.

புகை கொஞ்சம் அடங்கியதும் அப்பா கையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு, டார்ச்சோடு உள்ளே குனிந்தார். இரும்பு நகரும் சத்தம் கேட்டது. தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். முழங்கைவரை கரியாயிருந்த வலக்கையை நான் முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா முறத்தால் புகையை விரட்டிக்கொண்டிருந்தார், தேவைக்கு அதிகமான சிரத்தையோடு.

அப்பா தெருவுக்குப் போய் அறிவித்தார்: "வெள்ளைக்காரன் டிசைனே தப்பு சார். நம்ம காத்துக்கு ஒத்துவராது."

அடுத்த வாரம் பிரிட்ஜ் வந்தது. யானைக் கல்லுக்குக் கீழே, ஒரு விரல் இடைவெளி விட்டு, கச்சிதமாக நுழைந்தது. அந்த ஆச்சரியத்தை அம்மா முதல் தட்டு ஐஸ் கட்டி முழுவதையும் என்னிடம் கொடுத்துக் கொண்டாடினார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா பிரிட்ஜை நகர்த்தி, கையை உள்ளே விட்டு, அந்த மூடிக்கு எண்ணெய் போட்டுச் சந்தனம் வைப்பார். "இதுல ஒழுங்கா வேலை செஞ்ச ஒரே பாகம் இதுதான்" என்பார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடுவார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்காது. இந்த வருடமும் மாட்டிக்கொள்ளவில்லை என்று ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.