ஏறாத கப்பலுக்கு ஒரு ஸ்தோத்திரம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று வருஷமாய் யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன்... பிறகு இட்லி மாவு புளிக்காதது பற்றி எழுதி அனுப்பிவிடுவேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் சபைக்குப் புதிதாய் வாழ வந்திருக்கும் பெண் ஒருத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வாராவாரம் பத்திரிகையில ஒங்க பத்தியத்தான் மொதல்ல வாசிப்பேன். நீங்க எழுதுததுல ஒரு பொய்கூட இருக்காது பாத்துக்கிடுங்க!"

செருப்பு கிடைத்துவிட்டது. நிம்மதி போய்விட்டது.

ஏனென்றால் நான் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். அது அச்சிலும் வந்திருக்கிறது. அதுவும் ஆண்டவருக்கு நன்றி சொல்லி!

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவர். எத்தனையோ தேசத்துக் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கியிருக்கிறார். பயணியாய் ஒன்றில்கூட ஏறியதில்லை. அவர் ரிட்டயர் ஆனதும், சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஜெபா, எங்கள் இருவருக்கும் தனக்கும் மருமகனுக்குமாய் ஒரு குரூஸ் புக் பண்ணினாள். சென்னையில் ஏறி, ரெண்டு நாள் கடலில் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்க வேண்டும்.

"ஏறுன எடத்துலயே எறங்குததுக்கு எதுக்குக் கப்பலு?" என்று கேட்டார் அவர். கேட்டுக்கொண்டே மூன்று சட்டை தைக்கக் கொடுத்தார்.

எங்கள் சபையில் மாத மடல் என்று ஒரு சின்னப் பத்திரிகை உண்டு. பிள்ளை பரீட்சையில் பாஸா, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா — காணிக்கை கொடுத்து அதில் ஸ்தோத்திர அறிவிப்புப் போடுவோம். எங்கள் கப்பல் மாதக் கடைசியில். மடல் வருவது அடுத்த மாதம் முதல் ஞாயிறு. ஆனால் செய்தியை இருபதாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும்!

என்ன செய்வது? எப்படியும் போய்விட்டு வரத்தானே போகிறோம்? முன்கூட்டியே நன்றி சொல்வதுதானே விசுவாசம்? எழுதிக் கொடுத்துவிட்டேன்.

'குடும்பமாய்க் கப்பலில் சென்று, கடல் அமைதியாயிருந்து, வாந்தி மயக்கம் ஏதுமின்றிச் சுகமாய்த் திரும்பக் கிருபை செய்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.'

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜெபா போன் பண்ணினாள்.

"யம்மா, கப்பல மெயின்டனன்ஸுக்கு எடுத்துட்டாங்களாம். வேற தேதி வேணுமா, பணத்தத் திருப்பித் தரவான்னு கேட்டு மெயில் வந்திருக்கு."

"ஏளா, மடல் அச்சாயிருக்குமோ?"

"எந்த மடலும்மா?"

அச்சாகிவிட்டது. முதல் ஞாயிறு எல்லார் கையிலும் இருந்தது.

"கிரேஸக்கா, கடல் அமைதியா இருந்துச்சாமே!" என்றாள் ஆலய வாசலில் ஒருத்தி.

"ஆண்டவர் நல்லவரு" என்றேன். அது பொய் இல்லையே?

"ஆனா புதன்கெழம ஒங்கள மீன் கடையில பாத்தேனே... சீக்கிரமே திரும்பிட்டியளோ?"

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "நாங்க இன்னும் ஏறவே..." என்று ஆரம்பித்தார். நன்றாகக் கிள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. "பணத்த வாங்கிட்டு விடுளா. அடியில ஒட்டுன சிப்பியச் சொரண்டக் கப்பலக் கர ஏத்திருப்பாவ. எப்ப எறக்குவாவளோ!"

"எனக்குப் பணம் வேண்டாம், தேதிதான் வேணும். போகலன்னா நான் ஆண்டவர் பேரச் சொல்லிப் பொய் சொன்னவளாயிருவேன். போயிட்டா... அது லேட்டா வந்த உண்ம. அவ்வளவுதான்."

இந்த நியாயம் அவருக்குப் புரியவில்லை. எனக்கே பாதிதான் புரிந்தது.

ஜெபா விசாரித்ததில், எங்கள் நாலு பேருக்கும் இடம் இருந்த தேதி ஒன்றே ஒன்றுதான். மறுநாள் மாலைக்குள் சரி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பணம் தானாகத் திரும்பி வந்துவிடும். தேதியைக் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. அன்றைக்குத்தான் அசனம்!

அசனம் என்றால் சபையார் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சோற்று அண்டா பல வருஷமாய் அவர் பொறுப்பு.

"கிரேனுக்கு மாத்து ஆளு உண்டு. சோத்துக்குக் கெடையாது" என்றார்.

மாற்று ஆள் போட வேண்டுமானால் சபை செக்ரெட்டரி அண்ணாச்சியைத்தான் கேட்க வேண்டும். கப்பலுக்கு என்றால், 'அதான் போயிட்டு வந்துட்டியளே' என்பார். மடலை அச்சுக்குக் கொடுப்பவரும் அவரேதான்!

மறுநாள் காலை ஜெபம் பண்ணிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில் அழுகை வந்துவிட்டது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். மேஜைமேல் இருந்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அடுத்த மடலுக்கு அவர் எழுதி வைத்திருந்த செய்தி.

'மழைத் தொந்தரவின்றி அசன விருந்து சிறப்பாய் நடந்தேறியது. சோறு பக்குவமாய் இருந்தது.'

அசனத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது!

"நம்ம ரெண்டு பேருக்கும் ஆண்டவர் ஒரே பெஞ்சுதான் போட்டிருப்பாரு, கிரேஸு" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்கள். "சோத்த நான் பாத்துக்கிடுதேன், அவனக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை நாலாய்க் கிழித்துப் போட்டார் அண்ணாச்சி.

தெருவில் நின்றே ஜெபாவுக்குப் போன் போட்டேன். "சரின்னு சொல்லிருளா!"

போனோம். கப்பலா அது... கல்யாண மண்டபம் மிதந்த மாதிரி இருந்தது! ஆனால் கடல் அமைதியாய் இல்லை. முதல் நாள் பாதி நேரம் நான் பாத்ரூமில்தான் இருந்தேன். அவரோ மேல்தளத்தில், புதுச் சட்டை காற்றில் படபடக்க நின்றார். துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது கிரேன்களைப் பார்த்துக் கையாட்டினாராம். ஒரு கிரேனிலிருந்து யாரோ திருப்பிக் கையாட்டினார்களாம்.

"எத்தன கப்பல்லருந்து எத்தன பேரு எனக்குக் கையாட்டியிருப்பாவ! வேல மும்முரத்துல நான் ஒருத்தருக்கும் ஆட்டலியேளா" என்றார். கண் கலங்கியிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தார்.

ஊருக்கு வந்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். "மடல் வந்தப்போ நாங்க கப்பல் ஏறல. இப்ப ஏறி எறங்கிட்டோம். கடல் அமைதியா இல்ல. வாந்தி எடுத்தேன். சுகமாத் திரும்பினது மட்டும் உண்ம. மன்னிச்சிருங்க."

ஆலயமே சிரித்தது. எங்கள் போதகர் ஐயர்கூட அங்கியின் கையால் கண்ணைத் துடைத்தார். செக்ரெட்டரி அண்ணாச்சி எழுந்து, "அசனத்துல சோறு கொழஞ்சுட்டு. அதுவும் உண்ம" என்றார்.

அன்றைக்குச் சபையிடம் சொல்லியாயிற்று. உங்களிடம் சொல்லத்தான் மூன்று வருஷம் ஆனது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் — நன்றியை முன்கூட்டிச் சொல்லலாம். விவரத்தைச் சொல்லக்கூடாது!

யாரிடமாவது இதைச் சொல்லத் தோன்றினால் தாராளமாய்ச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். சாத்தான்குளத்தில் இப்போது உலாவும் கதையில் கப்பல் கவிழ்ந்து, நான் நீந்திக் கரையேறியிருக்கிறேன்.

எனக்கு நீச்சலே தெரியாது!