மிளகுச் சாக்கும் தவமணி டீச்சரின் சட்டமும்

தவமணிதேவி என்ற பெயரை றாபியா முதன்முதலில் கேட்டது புருஷனின் வாயிலிருந்து, அதுவும் வசவாகத்தான். தொண்ணூற்றாறாம் வருஷம், மிளகுக் காலம். கடையிலிருந்து வந்த பதுர்தீன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரந்தத் தவமணிதேவி? எங்கட வீட்டுத் தண்ணிக் கானுக்குள்ள என்ன ஓடுதுன்னு பாக்க அவளுக்கு யாரு அதிகாரம் குடுத்த?"

"எங்கட சுற்றாடல் டீச்சர், வாப்பா," என்றாள் ஆஸியா. மூத்த மகள், பத்தாம் வகுப்பு. சொல்லிவிட்டு உம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

பதுர்தீன் யட்டவத்த ரோட்டில் பலசரக்கு யாவாரம் செய்த மீராசாஹிபின் மூன்றாவது மகன். மீராசாஹிபின் தங்கை ஹவ்வாவின் ஒரே மகள்தான் றாபியா. அதனால் கலியாணத்துக்கு முன்னும் பின்னும் றாபியாவுக்குப் பதுர்தீன் மச்சான்தான். கராம்பு, சாதிக்காய் எல்லாம் இருந்தாலும் வீட்டுக்குக் காசு கொண்டுவந்தது வெள்ளை மிளகு. பழுத்த மிளகைச் சாக்கில் கட்டி, கரையிலுள்ள பலா வேரோடு கயிறு போட்டு, வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் அமிழ்த்திவிடுவார்கள். தோல் அழுகிக் கழன்றதும் சாக்கோடு மிதித்துக் கழுவிக் காயவைத்தால் வெள்ளை மிளகு. ஆனால் அது அழுகும்போது வருகிற நாற்றத்துக்குச் செத்த எலியும் தோற்றுப்போகும். கீழே குளிக்கிற சனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குளித்தார்கள். பதுர்தீன் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத் தலைவர். யார் வாயைத் திறப்பார்கள்? அவர் வீட்டுப் பெண்கள் மட்டும் எப்போதும் சாக்குக்கு மேலே, சுத்தத் தண்ணீரில் குளித்தார்கள். றாபியாவும் அப்படித்தான்.

டீச்சரின் கதை பிறகுதான் றாபியாவுக்குத் தெரிந்தது. தகப்பன் தில்லையம்பலம் வடக்கிலிருந்து போஸ்ட் மாஸ்டராக மாத்தளைக்கு வந்தவர், அங்கேயே கண்ணை மூடினார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு டீச்சரின் அண்ணன்மார் இருவரும் தங்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வடக்குக்கே போனார்கள். தங்கையையும் கூப்பிட்டார்கள். "நான் பொறந்தது இங்க. நான் என்னத்துக்குப் போகணும்?" என்று தங்கிவிட்ட பெண் அவர். கலியாணம் கட்டவில்லை.

அவருடைய வகுப்புக்கு என்று சட்டம் வைத்திருந்தார். சோக்கில் எழுதினால் யாராவது அழித்துவிடுவார்கள் என்று கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தார். புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வந்தால் புள்ளி இல்லை, ஓடைக்கு இறங்க வேண்டும். அவரவர் வீட்டிலிருந்து வெளியே போகிற தண்ணீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு முன் அடுத்தவன் வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது. யார் பிள்ளைக்கும் விலக்குக் கிடையாது. பெண்பிள்ளையை அனுப்பப் பயம் என்றால் வீட்டுப் பெண் ஒருத்தி கூட வரலாம். முதல் வகுப்புக்குப் பிள்ளைகளைத் தன் வீட்டுக் கொல்லைக்கே கூட்டிப்போய், சவர்க்காரத் தண்ணீர் எங்கே போகிறதென்று காட்டினாராம். அடுத்தது கோயிலின் பின்பக்கம். அதற்குக் கோயில்காரர்கள் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த வரிசையில்தான் ஆஸியா வகுப்பில் எழும்பி, "எங்கட வீட்டுத் தண்ணில மிளகு அழுகுது டீச்சர்" என்று சொல்லியிருந்தாள்.

பதுர்தீன் பள்ளிக்கூட அதிபர் இராசலிங்கத்திடம் போனார். அதிபர் டீச்சரைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ள வீட்ட மட்டும் விட்டுருங்க டீச்சர், சங்கத் தலைவர்" என்றார்.

"அப்ப என் வீட்டையும் விட்டிருக்கணுமே சேர். கோயிலையும் விட்டிருக்கணும். பெரிய ஆளுங்கள எல்லாம் விட்டுட்டா வாயில்லாதவங்க வீட்டுக் கான மட்டும்தானே நோண்டணும்? அதுக்குப் பேரு பாடமா?"

அத்தோடு பதுர்தீன் மகளை அந்த வகுப்புக்குப் போகக் கூடாதென்று தடுத்தார். ஆஸியா சாப்பிடாமல் கிடந்தாள். றாபியா தலைக்கு முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் ஒருநாளும் மிதிக்காத அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். போனது கெஞ்சத்தான்.

"புள்ளைய ஓடைக்கு வரச் சொல்லாதீங்க டீச்சர். வாப்பாவ எதுத்து அவ எப்புடி நிப்பா?"

"தனிய நிக்க வேணாம்," என்றார் டீச்சர். "நீங்க கூட வாங்க."

"நானா?"

"வீட்டுப் பொம்பள வரலாம்னு சொவத்துல இருக்கே. வாசிக்கத் தெரியாட்டி நான் வாசிக்கிறேன்."

இவளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாதோ என்று றாபியாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு ஓடைக் கரையால் வீட்டுக்குத் திரும்பினார். கீழே தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் நல்லம்மா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். றாபியாவைக் கண்டதும் அவசரமாகத் துணியை அவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். முதலாளி வீட்டம்மா தப்பாக நினைத்துவிடக் கூடாதே. அந்தச் சிரிப்புத்தான் றாபியாவைச் சுட்டது.

அடுத்த புதன்கிழமை ஆஸியாவோடு அவரும் ஓடைக்குப் போனார்.

பிள்ளைகள் சாக்குக்கு மேலே ஒரு போத்தல், கீழே ஒரு போத்தல் என்று தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். கரையில் பதுர்தீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போது பொலிஸ் ஜீப் வந்தது. தமிழ்ப் பொம்பிளை ஒருத்தி ஓடையில் எதையோ கலக்கிறாள் என்று யாரோ போன் பண்ணியிருந்தார்கள். யாரென்று றாபியா கேட்கவில்லை. மச்சானின் முகத்தை ஒருதரம் பார்த்தார், போதும்.

சார்ஜன்ட் டீச்சரின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சண்டை நடந்த அந்தக் காலத்தில் அந்த அட்டையில் வடக்குப் பெயர் இருந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லோருக்கும் தெரியும். "போத்தலுக்குள்ள என்ன? ஸ்டேஷனுக்கு நட," என்றான்.

"வாறேன். ஆனா பாடம் முடிய இன்னும் நேரம் இருக்கு. முடிச்சிட்டு வாறேன்," என்றார் டீச்சர்.

சார்ஜன்டின் முகம் சிவந்தது. றாபியா முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிப் பலா வேர்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். சாக்கு மேலே வந்தது. சிங்களத்தில் பேசினார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"மாத்தயா, அந்தப் போத்தல்ல ஈக்கிறது எங்கட வீட்டு நாத்தம். இது என் புருஷன்ட மிளகு. அந்தா நிக்கிறாரு, கேளுங்க. டீச்சரக் கொண்டுபோறதுன்னா என்னையும் கொண்டுபோங்க. இந்தச் சாக்கையும் ஏத்துங்க, சாட்சிக்கு வேணுமே."

சார்ஜன்ட் சாக்குப் பக்கம் குனிந்தான், குனிந்த வேகத்தில் நிமிர்ந்தான். கீழே நின்ற நல்லம்மா சொன்னாள்: "ஏத்துங்க மாத்தயா. நாங்க ஒரு வாரமாச்சும் நிம்மதியாக் குளிக்கிறோம்."

கரையெல்லாம் சிரிப்பு. ஒரு பொலிஸ்காரனும் சிரித்துவிட்டான். பதுர்தீன் ஜீப்படிக்குப் போய் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். அட்டை டீச்சர் கைக்குத் திரும்பி வந்தது. டீச்சர் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அடுத்த போத்தல் யாரு?" என்று கேட்டார்.

பதுர்தீன் நெடுநாள் றாபியாவோடு பேசவில்லை. றாபியா சோறு ஆக்கி வைத்தார். சாக்குக்குக் கீழே போய்க் குளித்தார், ஒவ்வொரு நாளும், ஊர் பார்க்க. வீட்டுக்குள் நுழையும்போது அந்த நாற்றம் அவரோடு கூடவே வந்தது. கடைசியில் பதுர்தீன் மிளகு ஊறப்போடப் பின்வளவில் சீமெந்துத் தொட்டி கட்டி, கழிவுத் தண்ணீருக்குப் பக்கத்தில் குழியும் வெட்டினார். "மழைக்கு ஓடை சாக்க இழுத்துக்கிட்டுப் போயிரும், அதான்" என்று கடையில் சொல்லிக்கொண்டார். சொல்லட்டும் என்றார் றாபியா.

ஆனால் டீச்சருக்கு எதிராகப் பதுர்தீன் கல்விக் கந்தோருக்கு முன்பே அனுப்பியிருந்த பெட்டிசம் தன் வேலையைச் செய்தது. அடுத்த தவணைக்கு முன் டீச்சருக்கு நாவுலப் பக்கம் மாற்றம் வந்தது. ஆஸியா அழுதாள். டீச்சர் அழவில்லை. "அங்கயும் ஓடை இருக்கு," என்று சொல்லி பஸ் ஏறினார். அங்கேயும் முதல் நாளே சுவரில் சட்டம் எழுதிவிட்டார் என்று சேதி வந்தது.

தவமணிதேவி டீச்சர் பென்ஷன் எடுத்தும் அந்த ஊரை விட்டு வரவில்லை. இப்போதும் நாவுலயில்தான், வாடகை வீட்டில், தனியாக இருக்கிறார்.