பல் பதிந்த ஒயர்

கத்திவாக்கம் மங்கம்மாவுக்கு நாலு பெண்கள். மூன்றாமவள் கெங்கம்மா. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் லோகநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவள். திருவொற்றியூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ஆறு வருஷமாக ஒயர் மாட்டுகிறாள்.

மோட்டார் பெட்டிகள்தான் அங்கே செய்துகொண்டிருந்தார்கள். இந்த வருஷம் புதிதாகப் படகுக்கு ஒரு பெட்டி. அடித்தட்டில் தண்ணீர் ஏறினால் மணி அடிக்கும். உள்ளே பச்சை போர்டு, அதன் ஓரத்தில் ஸ்பிரிங் கனெக்டர். எஞ்சின் அதிர்வில் திருகாணி தளர்ந்துவிடும், ஸ்பிரிங் தளராது. அமுக்கினால் வாய் திறக்கும். ஒயரை நுழைத்துக் கையை எடுத்தால் நண்டு மாதிரி கவ்விக்கொள்ளும். கடைசியில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். கெங்கம்மா மாட்டிய ஒயர் ஒருநாளும் கையோடு வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன மாசம் ஒரு பெட்டி திரும்பி வந்தது. தண்ணீர் முழங்கால்வரை ஏறியும் மணி அடிக்கவில்லையாம். நல்லவேளை, படகு கரைக்குப் பக்கத்தில் இருந்தது. சூப்பர்வைசர் பெர்சிஸ் ஒயர்களை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் இறுக்கம். அப்படியானால் போர்டில் ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தவளின் தப்புதான் என்று முடிவாயிற்று. சால்டர் வைப்பவள் வியாசர்பாடி மகிழினி, சேர்ந்து மூன்று மாசம்கூட ஆகாதவள். இன்றோடு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார்கள்.

பெட்டியைப் பிரிக்கும் வேலை கெங்கம்மாவிடம் வந்தது. சிவப்பு ஒயரை உருவினாள். செம்பில் கீறலே இல்லை. சிவப்புத் தோலின்மேல் இரண்டு பல்தடம். ஸ்பிரிங் செம்பை விட்டுத் தோலைக் கடித்திருக்கிறது. செம்பு நுனி சும்மா ஒட்டிக்கொண்டிருந்ததால் கம்பெனி மேசையில் மணி அடித்தது; எஞ்சின் உலுக்கியதும் ஊமையாகிவிட்டது.

தோலைக் குறைத்து உரித்தது அவள் கைதான். மோட்டார் பெட்டிக்கெல்லாம் அளவாக உரித்தவள், படகுக்கு என்றதும் பாதிதான் உரித்தாள். வெறுஞ்செம்பு தெரிந்தால் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும் என்று கடலோரத்தில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நுனியைக் கத்தரித்து எறிந்தால் ஒருவருக்கும் தெரியாது. கத்தரியை எடுத்தும்விட்டாள். அந்தப் பக்கம் மகிழினி சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கெங்கம்மா ஒயரைக் கொண்டுபோய்ப் பெர்சிஸ் மேசையில் வைத்தாள்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லம்மா. பல்லு எங்க பதிஞ்சிகீது பாரு. தோலை நான்தான் கம்மியா உரிச்சேன்."

"ஆறு வருஷமா மாட்டுறீங்க, அளவு தெரியாதாக்கா?"

"தெரியும். உப்புக்காத்துக்குப் பயந்துகினு செஞ்சேன்."

பெர்சிஸ் ஒயரை எடுத்துப் பல்தடத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். பிறகு மகிழினியைக் கூப்பிட்டுப் பழையபடி வேலையில் உட்காரச் சொன்னாள். இன்னும் பன்னிரண்டு பெட்டி காசிமேட்டுப் படகுகளில் இருந்தது. அத்தனையும் சரியானால்தான் கெங்கம்மாவுக்குப் பழைய இடம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏலக்கூடத்து ஓரமாக, கவிழ்த்த மீன்கூடைமேல் கெங்கம்மா உட்கார்ந்தாள். படகெல்லாம் சொந்தபந்தம்தான்: மாமனாரின் அண்ணன் மகன், ஓரகத்தியின் தம்பி, இப்படி. கொழுந்தன் கிருஷ்ணப்பன் தன் படகுப் பெட்டியை நீட்டினான்.

"இன்னா அண்ணி, எங்க அண்ணன் படகுக்கே வேட்டு வெச்சிட்டியே."

"வெச்சேன். கொண்டா இங்க."

கடைசிப் பெட்டி லோகநாதனுடையது. அவனே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் மாட்டித் தந்ததும் பழக்கதோஷத்தில் ஒயரை இழுத்துப் பார்த்தான்.

"இழுத்தா தெரியாதுய்யா. படகுல வெச்சு, அடியில தண்ணி ஊத்தி எஞ்சினைப் போட்டுப் பாரு."

எஞ்சின் உறுமியது. மற்றப் பதினோரு பெட்டியின் மணியும் அடித்துக் கேட்டாகிவிட்டது. கையில் கத்தரியோடு கெங்கம்மா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். உறுமலுக்கு நடுவே அதுவும் அடித்தது.