துணையில்லாத படம்

அரவேணுவில் என் அச்சுக்கடைக்கு ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள்; தலையில் பிளாஸ்டிக் சாக்கு. நானோ தேயிலைப் பாக்கெட்டுக்குக் கொழுந்து எடுக்கும் பெண்ணின் படம் கேட்டு, நான்கு ஏஐ செயலிகளிடம் மாறிமாறிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த கடைக்குப் போய்விடும். திரையை அந்தம்மா பக்கம் திருப்பினேன்.

“அக்கா, இதுல எதுங்க சரி?”

“ஒண்ணுமே சரியில்லீங்க. எல்லாத்துலயும் ஒத்தையில நிக்குது. காட்டுமாடு வந்தா யாருங்க சத்தம் குடுப்பா?”

பக்கத்தில் ஒரு துணை கேட்டேன். மூன்று செயலிகள் அதே பெண்ணை இரட்டையாக்கின. நான்காவது மட்டும் வேறொருத்தியை வரைந்தது, ஏதோ சொல்லிச் சிரிப்பவளாக.

“இப்பச் சரிங்க.”

நான் பிழைத்தேன். அவர் கையில் போன்கூட இல்லாமல் தேயிலைக்குள் தனியாக இறங்கினார். மூடுபனிக்குள்ளிருந்து குரல் கேட்டது: “சோறு ஆக்கிட்டியா?… கொழம்பு என்ன?”

மாடு விலக உரக்கப் பேசிக்கொண்டு நடப்பது இங்கே வழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு அவர் பதிலுக்குக் காத்திருந்தார். மாட்டுக்கு எதற்கு அந்த இடைவெளி?