பாடு வந்தவள்

"அந்தக் காலேஜ் பொண்ணு இன்னாதான் வேலை செய்யுது?"

"ஒண்ணியும் இல்ல. நடக்காத, பேசாத புள்ளைங்களோட குந்திக்கினு கீது. சாயந்திரம் ஆனா எழுந்து போவுது."

பொன்னேரி பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டது இது. பின்னால் நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன்; நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது. பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கம்தான். வேலை ஒழுங்காக நடந்தால் நாம் சும்மா இருப்பதுபோலத்தான் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில், பட்டம் வாங்கிய கையோடு பழவேற்காட்டில் இந்த வேலையில் சேர்ந்தேன். ஒரு ஓட்டு வீடு, நாலு பாய், ஒரு ஊஞ்சல். ஊனமுள்ளவர்களை வியாழக்கிழமைதோறும் பகல் முழுக்க வைத்துக்கொள்வோம். பாட்டு, விளையாட்டு, ஏரிக்கரைக்கு ஒரு நடை. அந்த நேரத்தில் வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். சமையலும் ஒத்தாசையும் உள்ளூர் ஜைத்தூன் அக்கா.

ஓய்வு

முதல் கூட்டத்தில், மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். "வாரத்தில் ஒரு நாள் பிள்ளையை எங்களிடம் விடுங்கள். நீங்கள் ஓய்வு பெறுங்கள்."

கருவாட்டுக் கூடையோடு வந்திருந்த பாக்கியம் எழுந்தாள். அவள் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு நிமிடம் கண் அசந்தால் ஏரியைப் பார்க்க ஓடிவிடுவான். "ஓய்வு பெறவா? நான் இன்னா போஸ்டாபீஸ்லயா வேலை செஞ்சேன், ரிடையர் ஆவறதுக்கு?"

வாசற்படி

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து அஞ்சலை தன் மகள் தேசம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தேசம்மாவுக்குப் பத்தொன்பது வயது. நடக்க வராது, பேச்சு குழறும், ஆனால் எதுவும் அவள் காதுக்குத் தப்பாது. மகளைப் பாயில் உட்கார வைத்துவிட்டு அஞ்சலை வாசற்படியில் உட்கார்ந்தாள். மாலைவரை நகரவில்லை. அடுத்த வியாழனும் அப்படியே.

நான் தயங்கித் தயங்கி, "எங்கேயாவது போய்விட்டு வரலாமே" என்றேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். ஏரிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்குளத்தில் அவள் அப்பா படுத்த படுக்கை. அஞ்சலையைப் பார்க்க வேண்டும் என்று படகுக்காரர்களிடம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். "இவளத் தூக்கிக்கினு அவ்ளோ தூரம் போவ முடியாது, டீச்சரம்மா. வுட்டுட்டுப் போனா, பெத்தவளே தள்ளி வுட்டுட்டானு ஊரு சொல்லும். நைனா மூஞ்சிய நெனச்சிக்கினே இங்க குந்திக்கிறேன்."

மூடிய கை

தேசம்மாவின் வலது கை எப்போதும் மூடியே இருக்கும். சாப்பாட்டுக்கு முன் கழுவிவிட ஜைத்தூன் அக்கா விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். இழுக்க இழுக்க அது இறுகியது. அக்கா அலுத்துப்போய்ச் சோறு போடப் போனாள். வறுத்த மீன் வாசனை வந்ததும் விரல்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே விரிந்தன. தேசம்மா சிரித்தாள்.

"எங்க வூட்டுக்காரர் மாதிரிம்மா இது," என்றாள் அக்கா. "இழுத்தா வராது. அதுக்கா தோணணும்."

பாடு

ஏரியில் வலை விட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் குலுக்கிப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. உன் பாடு வரும் நாளில் அந்த இடம் உனக்கு, மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். இதை எனக்கு விளக்கிய பாக்கியம், "நமக்கும் அப்படியே வச்சிக்கலாம்" என்றாள். வாரம் ஒருத்தி வெளியே போவாள். மற்றத் தாய்மார் என்னோடு இருந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள்.

நான் சொன்னபோது ஒருத்தியும் அசையாத இடத்தில், இந்த ஒரு வார்த்தைக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு சட்டியில் ஆளுக்கொரு பொருள் போட்டார்கள். பாக்கியம் ஒரு சட்டைப் பொத்தான், இன்னொருத்தி வளையல் துண்டு, அஞ்சலை வலையில் கட்டும் ஈயக் குண்டு. எடுப்பது தேசம்மா; யார் பொருள் வருகிறதோ, அந்த வாரம் அவள் பாடு. தன் பொருள் வந்தும் போகாமல் நழுவலாமா என்று யாரோ கேட்டார்கள். பாக்கியம் விடவில்லை. "பாடு வந்தவ போயே ஆவணும். வலைய வச்சிக்கினு கரையில குந்தினா மீனு வூடு தேடி வருமா?"

மேட்னி

முதல் பாடு பாக்கியத்துக்கு. பொன்னேரிக்குப் போய்த் தனியாக மேட்னி பார்த்துவிட்டு, முகமெல்லாம் தெளிந்து திரும்பினாள். அன்று அவள் மகன் மூன்று முறை ஓடி, மூன்று தாய்மாரும் நானும் துரத்தியிருந்தோம். மூச்சிரைக்க, என்ன கதை என்று கேட்டோம்.

"யாருக்குத் தெரியும்? லைட்டு அணைச்சதும் தூங்கிட்டேன். ஆனா ரொம்ப நல்ல படம்."

ஈயக் குண்டு

அஞ்சலைக்கும் ஒரு முறை பாடு வந்தது. பாக்கியம் அன்று வரவில்லை. மகள் கையிலிருந்த குண்டை வாங்கிச் சட்டியில் போட்டுவிட்டு, "அடுத்த பாடு பாத்துக்கலாம்" என்று அஞ்சலை வேறொருத்தியை அனுப்பிவிட்டாள். அடுத்த வாரம் படகுக்காரர் வாசலுக்கே வந்து நின்றார். "உன் நைனா கஞ்சி குடிக்கிறத வுட்டுட்டாரு. வர்றதுனா என்னோட வா. காத்து திரும்பறதுக்குள்ள கெளம்பணும்."

அஞ்சலை வாசற்படியிலிருந்து எழவில்லை. பாக்கியம் சட்டியைத் தேசம்மா மடியில் வைத்தாள். தேசம்மா வழக்கமாக எடுக்கும் இடது கையை விட்டுவிட்டு, மூடிய வலது கையைப் பாடுபட்டு உள்ளே நுழைத்தாள். வெகுநேரம் துழாவினாள். எடுத்தபோது கை இறுக மூடியிருந்தது. பாக்கியம் சட்டியைக் கவிழ்த்தாள். பொத்தான், வளையல் துண்டு, கிளிஞ்சல் எல்லாம் விழுந்தன. ஈயக் குண்டு மட்டும் இல்லை.

"குடு, கண்ணு. வேற யாராச்சும் போவட்டும்" என்று அஞ்சலை ஓடிவந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். கை இன்னும் இறுகியது. தேசம்மா வாயைக் கோணி, ஒவ்வோர் எழுத்தாக, "போ...ம்மா" என்றாள்.

வெளியே படகுக்காரர் மறுபடி கூப்பிட்டார். அஞ்சலை மகள் தலையை ஒரு முறை தடவினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கி, கரைப்பக்கம் வேகமாக நடந்தாள்.

தேசம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தோம். படகு ஏரியில் புள்ளியாகிற வரை பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, ஈயக் குண்டைச் சட்டியில் போட்டாள்.