டேஷ்போர்டில் பதிந்த விரல்கள்

லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்களிடம் மீன் கூடை ஏற்றும் பழைய வேன் ஒன்று இருக்கிறது. மீன் தண்ணீர் பட்டுப் பட்டு அதன் ரெக்ஸின் சீட்டும் டேஷ்போர்டும் பிசுபிசுவென்று கறுத்துவிட்டன. ஒரு நாள் அதைத் துடைக்க உட்கார்ந்தேன்; மறுநாள் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களை அதில்தான் அழைத்துவர வேண்டியிருந்தது. சோப்புக்கு அழுக்கு அசையவில்லை. ஃபைபர் படகில் ஓட்டை அடைக்கும் முன் என் கணவர் அந்த இடத்தைப் பெயின்ட் கரைக்கும் தின்னரால் துடைப்பார். எப்பேர்ப்பட்ட பிசுக்கும் போய்விடும். அந்தத் தின்னரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, டப்பாவை வேன் சக்கரத்தருகே வைத்தேன்.

வெளியே காயும் கருவாட்டில் மொய்க்கும் ஈ உள்ளே வராமலிருக்கக் கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தேய்த்தேன். அழுக்கு கரைந்து வந்தது. பிறகு தின்னர் நெடி ஏறி வாய் இனித்தது, தலை சுற்றியது. கதவின் பிடி கைக்கு அகப்படவில்லை. டேஷ்போர்டை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடி வழியே, கணவர் பீடி புகைத்தபடி வேனை நோக்கி வருவது தெரிந்தது. வராதீர்கள் என்று கத்த நாக்கு எழவில்லை. அவர் கதவில் கை வைத்தார்.

“அண்ணே, பீடிய தூக்கிப் போடு! கீழ தின்னர் டப்பா தொறந்து கெடக்குது!” என்று கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு கஸ்தூரி அலறினாள்.

கணவர் பீடியைத் தூர எறிந்துவிட்டு, கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்தார். “இன்னாடி பண்ணிக்கினு இருந்த? பீடியோட தொறந்திருந்தா ரெண்டு பேரும் கரிக்கட்டைதான்” என்றார்.

இப்போது எல்லாக் கதவுகளையும் திறந்துபோட்டு சோப்புத் தண்ணீரில்தான் துடைக்கிறேன். போகாத அழுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அன்று தின்னரில் இளகிய டேஷ்போர்டில் என் விரல்கள் பதிந்து அப்படியே இறுகிவிட்டன. வேனில் ஏறும்போதெல்லாம், கதவைத் தேடிய அந்தக் கை எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.